சொல்லிக்குடுக்கிறவங்க கையில மார்க் ஷீட் இருந்தா யாரு சந்தேகம் கேப்பா?

எங்க சித்தி மவ இங்கிலாந்துல வார்டு நர்ஸா இருந்தவ, இப்போ டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் கோர்ஸ் சேந்திருக்கா. ஏற்கனவே நர்ஸா இருக்கிறவங்க தான் இதுல சேர முடியும், பாதி வகுப்பு பாதி ஃபீல்டு, முடிச்சா வீடு வீடா போற ஒரு டீமையே நடத்தணும். ராத்திரி வாட்ஸ்அப்ல கூப்பிட்டு கதை கதையா சொல்லுவா, அதுல ஒரு விஷயம் தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது.

2018ல அங்கத்த நர்ஸிங் கவுன்சில், அதாவது என்எம்சி, விதிய மாத்திருக்காங்க. முன்னாடி பிராக்டிஸ் டீச்சர்னு ஒரே ஆளு கூட்டிட்டுப் போய் பழக்கவும் செய்வாங்க, பாஸ் போடவும் செய்வாங்க. இப்போ பழக்குற சூப்பர்வைசர் வேற, முடிவு சொல்ற அசெசர் வேற, காலேஜ் பக்கத்துலருந்து இன்னொரு அசெசர். இந்த மாதிரி கோர்ஸுல வேற வழியே இல்லன்னா ஒரே ஆளு ரெண்டையும் பாக்கலாம், ஆனா ஏன் அப்படி பண்ணோம்னு காரணம் காட்டணும்.

நான் இங்க கன்னியாகுமரி மாவட்டத்துல, நோயாளிய வீட்டுலயே போய் பாக்குற ஹோம் கேர் டீம்ல, புதுசா வர்ற நர்ஸ் பிள்ளைகள விசிட்டுக்கு கூட்டிட்டுப் போறவ. தக்கலை, குளச்சல், கடற்கரை ஊருகள், சில நேரம் மேல குலசேகரம் வரைக்கும். எங்க ஊர்ல இவ்வளவு நாளும் பழக்குறதும் மார்க் போடுறதும் ஒரே ஆளு தான், மார்க் ஷீட்டும் என் பையில தான் இருந்துச்சு.

அதோட விளைவு என்னன்னு ஒரு வீட்டுல பாத்தேன். வாய் புற்றுநோய் வந்த ஒரு பாட்டா, கன்னத்துல புண்ணு வெளியவே வந்தாச்சு, நாத்தம் தாங்காம பேரப்பிள்ளைகள் அந்த ரூம் பக்கமே வராது. கூட வந்த பிள்ளை நியூஸ்பேப்பர் விரிச்சு பைய வச்சா, கை கழுவுனா, எல்லாம் காலேஜ்ல படிச்ச பேக் டெக்னிக் படி, அதாவது வீட்டுக்குப் போற நர்ஸ் பைய கிருமி ஒட்டாம கையாள்ற முறைப்படி, ஒரு குறை கிடையாது. மெட்ரோனிடசோல் மாத்திரைய பொடிச்சு புண்ணுல தூவச் சொன்னேன், தூவிட்டா. அன்னைக்கே நாத்தம் போயிராது ஆனா சில நாள்ல நல்லா குறையும், பாட்டாவுக்க மருமவகிட்ட அதையும் அவளே சொன்னா. திரும்பி வர்றப்போ வண்டியில தான் மெதுவா கேக்கா, "அக்கா, அது வாய் வழியா முழுங்குற மாத்திரை தானே, புண்ணுல எப்படி வேலை செய்யும்?" ஏன் பிள்ளே அங்கேயே கேக்கலன்னா, "நீங்க மார்க் போடுவீங்கல்லா"ன்னு சிரிக்கா. புண்ணுக்குள்ள காத்துப்படாம வளர்ற கிருமி தான் அந்த நாத்தத்துக்கு காரணம், மருந்து அதுக்க மேலயே படும்னு விளக்குனேன், நல்ல கேள்வி அது. வீட்டுலயே கேட்டிருந்தா அந்த மருமவளும் சேந்து கேட்டிருப்பா.

இதவிட கஷ்டம் ஒண்ணு இருக்கு, அது எந்த வார்டுலயும் வராது. நம்ம மாவட்டத்துல பாதி வீட்டுல முடிவெடுக்கிற ஆளு கட்டிலுக்குப் பக்கத்துல இருக்க மாட்டாரு, சவுதியிலயோ துபாய்லயோ இருப்பாரு. டிரெஸ்ஸிங் பாதியில இருக்கும்போது மைனி வந்து ஃபோன நர்ஸ் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க, வீடியோல அந்த மகன், "சிஸ்டர், உண்மைய சொல்லுங்க, நான் இப்போ லீவு போட்டு வரணுமா, இல்ல ரெண்டு மாசம் கழிச்சு வந்தா போதுமா?" ஃபோன் ஸ்பீக்கர்ல, படுத்திருக்கிற அப்பாவுக்கும் காது நல்லா கேக்கும். இருபத்திரெண்டு வயசுப் பிள்ளை என்ன சொல்லும்? அந்த நேரத்துல நாம ஃபோன வாங்கிரக் கூடாது, வாங்கிட்டா அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் பழகாது. "கை கழுவிட்டு வெளிய வந்து பேசுறேன் அண்ணா"ன்னு அதுவே சொல்லி முற்றத்துக்குப் போகணும், நாம பக்கத்துல நின்னா போதும். சும்மா நிக்கிறது லேசுன்னு நினைக்காதீங்க, நாக்கு துருதுருன்னு வரும்.

இங்கிலாந்துல இந்த வேலை தொடங்குன கதைய சித்தி மவ சொன்னா. 1859ல லிவர்பூல்ல வில்லியம் ராத்போன்னு ஒரு வியாபாரி, தன் மனைவிய கடைசி காலத்துல பாத்துகிட்ட மேரி ராபின்சன்ங்கிற நர்ஸையே சம்பளம் குடுத்து ஏழைகள் வீட்டுக்கு அனுப்பியிருக்காரு. அவங்க ஒரு மாசத்துல இந்த கஷ்டத்த கண்கொண்டு பாக்க முடியல, விட்டுருங்கன்னு வந்து நின்னாங்களாம், இவரு தான் பேசி நிறுத்தியிருக்காரு. அப்போ மொத ஆளுக்கே கூட நிக்க ஒரு ஆளு தேவைப்பட்டிருக்கு பாத்துக்கிடுங்க.

நம்ம ஊர்லயும் வீட்டுக்கே போற வேலை இப்போ கூடிட்டே வருது, 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டம் வந்த பிறகு நர்ஸ் வீட்டுக்கு வர்றது சனங்களுக்கு பழகியும் போச்சு. திருவனந்தபுரம் பக்கத்துல தான், அங்க போய் பாலியேட்டிவ், அதாவது தீராத நோய்க்காரங்க வேதனைய குறைக்கிற கவனிப்புக்கு, டிரெய்னிங் எடுத்துட்டு வர்ற பிள்ளைகளும் உண்டு. ஆனா சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தப்புறம் யாரு கூட போவா, எவ்வளவு நாள் போவா, அங்க தான் இடிக்குது. பல இடத்துல லாக்புக்ல கையெழுத்து போடுறதுக்குப் பேரு தான் சூப்பர்விஷன்.

இப்போ நாங்க மாத்திப் பாக்கோம். மார்க் ஷீட்ட இன்னொரு சீனியர் அக்காகிட்ட குடுத்தாச்சு, நான் கூட போறது மட்டும் தான். என்ன பாத்தேன்னு ஒரு நோட்டுல எழுதி வைப்பேன், அவங்க அதையும் படிச்சுட்டு, இடையிடையே நேர்ல ஒரு விசிட்டும் வந்து பாத்துட்டு தான் முடிவு சொல்லணும். பிள்ளைகள் கேள்வி கேக்குறது கூடிருக்கு, சிலது எனக்கே பதில் தெரியாத கேள்வி, டாக்டருக்கு ஃபோன் போட வேண்டியதாயிருக்கு. சிக்கல் எங்கன்னா ஆளும் வண்டியும். பேச்சிப்பாறைக்கு மேல மலைப்பக்கம் மழை நேரத்துல ஒரு சீனியர் போறதே பெரும்பாடு, ரெண்டாவது ஆளு எங்க வர, அந்த ரூட்டுக்கு மட்டும் பழையபடி நானே தான் மார்க்கும் போடுறேன்.