வாலுக்கு நாற்பதாயிரம், காலுக்குக் கிழிந்த சேலை

நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊரிலிருந்து ஏர்வாடி வரை எந்தத் திருமண மண்டபத்தில் எந்த நேரத்தில் மின்சாரம் போகும் என்பது எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவன் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆன்டர்சனின் கடல்கன்னிக் கதையைக் குறும்படமாக எடுக்கக் கிளம்பியதற்குக் காரணம், அந்தக் கதையிலும் ஒரு கல்யாணம் வருவதுதான். தன்னைக் கடலிலிருந்து தூக்கிக் கரை சேர்த்தவள் யாரென்று தெரியாமல் இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். தூக்கிய கடல்கன்னியோ கால் பெறுவதற்காக நாக்கை இழந்தவள். மணப்பெண்ணின் பின்னால் உடையின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இப்படியொரு முகத்தை நான் கேமராவில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆல்பத்தில் வராதபடி வெட்டியும் எறிந்திருக்கிறேன்.

முதல் கவலை உரிமை பற்றியது. கதை டென்மார்க்கில் 1837-இல் வெளிவந்தது. ஆன்டர்சன் 1875-இல் இறந்துவிட்டார். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. ஆகவே மூலக்கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு என்பதை ஒரு வழக்கறிஞர் நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கையிலிருந்த புதிய புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். டிஸ்னி 1989-இல் கார்ட்டூனாகவும் 2023-இல் நடிகர்களை வைத்தும் எடுத்தது வேறு சமாச்சாரம். அதில் வரும் பெயர்கள், பாட்டுப் பாடும் நண்டு, சுபமான முடிவு எதையும் தொடக்கூடாது. தொட எனக்கும் ஆசையில்லை. ஆன்டர்சனின் கதையில் கல்யாணம் அவளுக்கு நடக்கவில்லையே.

திரைக்கதையில் இளவரசன் சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், மகனானான். கப்பல் விசைப்படகானது. கடல்கன்னிகளுக்கு முந்நூறு வயது உண்டு, அழியாத ஆன்மா மட்டும் இல்லை என்று நீளும் பகுதியை அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ஆன்மாவைப் பற்றி மூன்று சமயத்தார் மூன்று விதமாகச் சண்டை போடுவார்கள். பத்தொன்பது நிமிடப் படத்துக்கு அது தாங்காது.

சிக்கியது தலைமுடிதான். இளவரசனைக் குத்தினால் தங்கை பிழைப்பாள் என்ற கத்திக்கு விலையாக ஐந்து அக்காள்களும் தங்கள் கூந்தலைக் கொடுத்துவிட்டுக் கடலிலிருந்து எழும் காட்சி கதையின் உச்சம். டீக்கடையில் உட்கார்ந்து அதை நண்பனுக்குச் சொன்னேன். "ஐந்து பெண்கள் மொட்டைத் தலையோடு கடலிலிருந்து எழுகிறார்கள்" என்றதும் அவன், "என்ன வேண்டுதல்?" என்றான். ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவனைக் குறை சொல்ல முடியாது. நான் இழப்பென்று நினைத்தது இங்கே பக்தியாகிவிடுகிறது. கடைசியில் மணப்பெண் அலங்காரம் செய்பவரிடம் ஐந்து சவுரி வாடகைக்கு வாங்கி, வெவ்வேறு நீளத்தில் பின்னி, வலை நூலால் ஒரே கட்டாகக் கட்டினேன். படகுப் பலகையில் அந்த ஈரப் பின்னல் கட்டும் அதன்மேல் ஒரு கத்தியும். அக்காள்களைக் காட்டவேயில்லை. ஐந்து நடிகைகளின் சம்பளம் மிச்சமானது என்ற உண்மையையும் சொல்லிவிடுகிறேன்.

அனுமதிக்கு அலைந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் இருபத்தொரு தீவுகளிலும் அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. நான் கேட்ட அனுமதிக்கு இன்றுவரை பதில் இல்லை. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் டிரோன் ஆசையையும் மூட்டை கட்டினேன். கலை இயக்கம் பார்த்த தம்பி, கரையொதுங்கிய பவளப்பாறைத் துண்டுகளை ஒரு சாக்கு நிறைய அள்ளிவந்து கடலடி அரண்மனை கட்டப் போவதாகச் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. செத்துக் கிடந்தாலும் பவளப்பாறையை எடுத்து வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அன்றிரவே எடுத்த இடத்தில் கொட்டிவிட்டு வந்தோம். அரண்மனை தெர்மாகோலில் எழுந்தது.

எங்களிடம் இரண்டு கடல்கள் இருக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் விரிகுடா பெண்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம்போல் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். பெண்கடல் அமைதியாக இருந்தாலும் கலங்கல். தண்ணீருக்கடியில் கையை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் நீரடிக் காட்சிகளை மார்ச் மாதத்தில், தெற்குக் கரையில், இடுப்பளவு ஆழத்தில் எடுப்பதென்று முடிவானது.

வால் மதுரையில் தைத்து வந்தது. நாற்பதாயிரம் ரூபாய். முழுக்குக்காரர்கள் போடும் உடையின் ரப்பர் நுரைத் துணியில் செதில் வரைந்து, நுனியில் துடுப்பு வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீரில் இறங்கியதும் வால் மிதந்தது. நுரைத் துணியில் காற்றுக் குமிழி இருக்கிறது, மிதக்கத்தானே செய்யும்? வால் மேலே, நாயகி தலைகீழாகக் கீழே. இரண்டு காலும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்ததால் அவளால் நிமிரவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் உடனே தூக்கிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த நடுக்கம் இரவு சாப்பாட்டின்போதும் நிற்கவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது வால் கட்டப் போகிறீர்கள் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த இருவர் இல்லாமல் கட்டாதீர்கள்.

மறுநாள் வலை கட்டும் அண்ணன் ஒருவர் தன் பையிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்துத் தந்தார், வலையின் அடிக்கயிற்றில் கோர்ப்பவை. வாலின் உள்தையலில் ஒவ்வொன்றாகக் கோர்த்து, இறக்கிப் பார்த்து, கழற்றி, மறுபடி கோர்த்து, அறுபத்திரண்டாவது குண்டில் வால் மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை.

நாயகி பாம்பன் பக்கத்துக் கல்லூரி மாணவி. அவளுடைய அம்மா பாசி எடுக்கக் கடலில் மூழ்குபவர். மருந்தைக் குடித்தால் வால் போய்க் கால் வரும், ஆனால் ஒவ்வோர் அடியும் கூரிய கத்திமேல் வைப்பதுபோல் இருக்கும் என்கிறது கதை. அந்த முதல் நடையை மணலில் எடுத்தேன். வலியைக் காட்டச் சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்தாள், உதட்டைக் கடித்தாள், கண்ணீர்கூட விட்டாள். எனக்குப் பரம திருப்தி.

சற்றுத் தள்ளி மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா, தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "தம்பி, அவளுக்கு என்ன ஆனது?"

"கத்திமேல் நடக்கிறாள் அக்கா."

"நடக்கட்டும். அதை எதற்கு ஊருக்குச் சொல்லிக்கொண்டு நடக்கிறாள்?"

பிறகு எழுந்து வந்தார். ரப்பர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். குதிகாலிலிருந்து விரல்வரை வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், பாறை வெட்டி ஆறியவை. இரண்டு மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தன. பழைய சேலையைக் கிழித்த துணி நாடாவைக் கைவிரலில் சுற்றி, முடிச்சின் ஒரு முனையைப் பல்லால் இழுத்து இறுக்கிக் காட்டினார். பாறையில் விரலை முதலில் ஊன்றக்கூடாதாம். பாதத்தின் வெளி ஓரத்தை வைத்து, இடம் எப்படியென்று தெரிந்த பிறகே எடையை இறக்க வேண்டுமாம். "வெட்டுப்பட்டால் உப்புத் தண்ணீரில் எரியும். பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே எடுப்போம்" என்றார்.

மகள் அப்படி நடந்தாள். வெளி ஓரம், ஒரு நொடித் தயக்கம், பிறகு முழுப் பாதம். முகத்தில் ஒன்றுமில்லை. எதிரே சம்மாட்டி மகன் ஏதோ கேலி சொல்ல, சிரிக்கக்கூடச் செய்தாள். கேமராவைக் காலுக்கு இறக்கினேன், முகத்துக்குத் திரும்பவேயில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினால், அவளுடைய நடையைக் கண்டு அரண்மனையே வியந்தது, வலியோடுதான் ஆடினாள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

கல்யாணக் காட்சி மீன்பிடித் தடைக்காலத்தில் சுலபமாக முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், வாடகையும் குறைவு. புதுப் பெயின்ட் வாடையில் மணப்பெண்ணுக்குத்தான் தலைவலி. கதையின் முடிவில் அவள் கடல் நுரையாகிவிடுகிறாள். அந்த நுரைக்குக் கச்சான் காற்று வலுக்கும்வரை காத்திருந்து, தனுஷ்கோடியில் ஆண்கடல் பக்கமாக மூன்று நாள் கேமராவைத் தரையோடு வைத்தேன். அவளைக் காட்டவில்லை. நுரை வருகிறது, மணல் உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

படத்தில் வால் வருவது நாற்பது வினாடி. இப்போது அது என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று இருவர் கேட்டுவிட்டார்கள். ஈயக் குண்டுகளைத் தையல் பிரித்து எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். அறுபதுதான் இருந்தன. அந்த அண்ணன் என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் இரண்டு விரலை உயர்த்திக் காட்டுகிறார்.