லீவுல எழுதினது: கப்பல் மேசை, கல்லடி மேசை

மே 3, சனி

சின்னம்மாட மகன் விடியவே வந்துட்டான். பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல பஃபேல நிக்கிறவன், இப்ப உல்லாசப் பயணக் கப்பல்ல வேலைக்குப் போக ஏஜென்சியில பேர் குடுத்திருக்கான், வெசாக் முடிய கொழும்பில இன்டர்வியூவாம். "அண்ணன், டேபிள் சர்வீஸ் கேப்பாங்களாம், எனக்குத் தெரிஞ்சது பஃபேல தட்டம் காலியானா நிரப்புறதுதான்" எண்டான்.

நான் கப்பல்ல வெயிட்டர், லீவுல கல்லடி வீட்டில நிக்கிறன், சரியெண்டு நம்மட சாப்பாட்டு மேசையிலயே அடுக்கிக் காட்டினன். கத்தி வலப்பக்கம், கூர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருக்கணும், முள்ளுக்கரண்டி இடப்பக்கம், பாண் வைக்கிற சின்னக் கோப்பை அதுக்கும் அங்கால, தண்ணிக் கிளாஸ் கத்தி நுனிக்கு நேர மேல. பெரிய தட்டத்தில கொண்டுவந்து பரிமாறினா இடப்பக்கத்தால, கிச்சின்லயே கோப்பையில போட்டு வந்தா வலப்பக்கத்தால, குடிக்கிற எதுவும் வலப்பக்கத்தால, இதுல சிலது கம்பனிக்குக் கம்பனி மாறும். பொம்பிளையாக்களுக்கு முதல் வைக்கணும். மெயின் முடிஞ்சு டெசர்ட் வர முதல் விரிப்பில கிடக்கிற பாண் தூளைச் சின்னத் தகட்டால கோப்பைக்குள்ள வழிச்செடுக்கணும், அதையும் கெஸ்ட்ட மடியில கொட்டாம.

அம்மா குசினி வாசல்ல நிண்டு பார்த்துட்டு, "இவ்வளவும் அடுக்கிட்டீங்க, சோறு எப்ப மனே வரும்?" எண்டா.

மே 4, ஞாயிறு

தம்பிக்கு இதெல்லாம் சும்மா ஷோ எண்டு நினைப்பு. வெள்ளைக் கையுறை, மெனு கார்டு, கதிரையை இழுத்துக் குடுக்கிறது, பாதி ஷோதான், இல்லையெண்டு சொல்ல ஏலா. ஆனா பழைய முறையில ஷோ இல்லாத ஒரு சங்கதி இருந்திச்சு. கப்பல் ஏறினதில இருந்து இறங்குற மட்டும் ஒரு கெஸ்டுக்கு ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே வெயிட்டர். முதல் சீட்டிங், நம்மட பந்தி மாதிரி, ஆறு மணிபோல, ரெண்டாவது எட்டேகால் எட்டரைபோல. ரெண்டாம் ராவே ஆருக்கு ஐஸ் வேணாம், ஆருக்கு வெங்காயம் ஆகாது, ஆர் சாப்பிட்டு முடிய டீகாஃப் (கஃபீன் இல்லாத கோப்பி) கேப்பார் எண்டு நமக்கு மனப்பாடம்.

ஒரு வயசாளி, எட்டுப்பேர் மேசையில இருந்தவர், கை நல்லா நடுங்கும். முதல் நாள் சூப் விரிப்பில சிந்திட்டுது, மனுசன் அதைக் கை துடைக்கிற சேர்வியட்டால மூடிக்கிட்டு குனிஞ்சபடியே இருந்தார். அடுத்த நாள்ல இருந்து அவருக்கு மட்டும் சூப்பை ரெண்டு பிடி வச்ச கப்பில கொண்டுவந்தன், கிளாஸ்ல பாதிதான் ஊத்துவன், இறைச்சிய கிச்சின்லயே துண்டாக்கி, பிறகு சேர்த்து அடுக்கி முழுத்துண்டு மாதிரி கொண்டுவந்து வைப்பன். மேசையில மத்த ஏழு பேருக்கும் தெரியா. அவரும் ஒண்டும் கதைக்கல்ல, ஆனா பிறகு ஒவ்வொரு ராவும் முதல் ஆளா வந்து இருந்துருவார்.

இப்ப ஃபோன்ல பார்த்து விரும்பின நேரத்துக்கு விரும்பின இடத்தில போய்ச் சாப்பிடலாம். இதை நோர்வீஜியன் எண்ட கப்பல் கம்பனி 2000ல ஃப்ரீஸ்டைல் எண்டு தொடங்கினது, மறுகா கனபேர் அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க. கெஸ்டுக்கு வசதி, குறை சொல்ல ஏலா, ஆனா அந்த வயசாளி இப்ப ஒவ்வொரு ராவும் ஒவ்வொரு வெயிட்டர்ட்ட சிக்குவார். டிஸ்னிக் கப்பல்ல ரெஸ்டோரண்ட் ராவுக்கு ராவு மாறும், வெயிட்டரும் கெஸ்டோடயே மாறிப் போவான், அது நல்ல யோசனை. குனார்ட் கம்பனிக் கப்பல்ல இன்னமும் ஆறு மணிக்குப் பிறகு உடுப்புக் கட்டுப்பாடு இருக்கு, காலா எண்ட விசேஷ ராவுக்கு டை கட்டணும், பின்னேர டீயை வெள்ளைக் கையுறை போட்டுத்தான் குடுப்பாங்க.

மே 7

மழை, கரண்டும் இல்ல. தம்பிக்குக் கடல் அடிச்சா என்ன செய்யிற எண்டு பயம். பழைய ஆக்கள்ட வேலை ஒண்டு சொன்னன்: மேசை விரிப்பில கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஈரமாக்கினா கோப்பை வழுக்காது. முந்திய கப்பல் மேசைகள்ல கோப்பை விழாம விளிம்பில நிமித்தி விடுற சட்டமும் இருந்திச்சு. சும்மா கேளாம, ஈரத் துணியில கோப்பையை வச்சு மேசையை ஒருபக்கம் தூக்கிப் பார்த்தான், நிண்டுது. அம்மாட்ட ஏச்சும் வாங்கினான்.

பேக்ட் அலாஸ்கா கதையும் வந்திச்சு. ஐஸ்கிறீம் கேக்குக்கு மேல முட்டை வெள்ளைய அடிச்சுப் பூசி, நெருப்பு வச்சு, லைட்டை நூத்துப்போட்டு வெயிட்டர்மார் வரிசையா ஆடிக்கொண்டு வாறது, கெஸ்ட் எல்லாரும் சேர்வியட்டைச் சுத்துவாங்க. நெருப்புப் பயத்தில இப்ப பேட்டரி லைட்தான். அது போனதில எனக்கு ஒரு துளி கவலையும் இல்ல, தலைக்கு மேல பாரத்தைத் தூக்கிக்கொண்டு சிரிச்சு ஆடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

டிப்ஸும் அப்பிடித்தான். முந்தி கடைசி ராவு வெயிட்டருக்கு ஒண்டு, அசிஸ்டன்டுக்கு ஒண்டு, ஹெட் வெயிட்டருக்கு ஒண்டு எண்டு கவர்ல வச்சுக் கையில தருவாங்க. சிலபேர் கிழமை முழுக்க நல்லாச் சாப்பிட்டுட்டு கடைசி ராவு மட்டும் மேசைப் பக்கமே வரமாட்டாங்க. மறுநாள் காலம பஃபேல நம்மளக் கண்டா அன்னாசித் துண்டை அவ்வளவு கவனமாப் பார்ப்பாங்க. இப்ப நாளுக்கு இவ்வளவெண்டு கணக்கில தானா ஏறுது, அதுதான் நல்லம்.

மே 10, சனி

களுவாஞ்சிக்குடியில கலியாணம். பெரியம்மா வெத்தில வட்டாவோட வந்து கூப்பிட்ட கலியாணம், ஆனா ஹோல்ல பஃபே. வேட்டியோட கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு நீட்டுக்கு லைன். முந்திப் பந்தியில இருந்தா பக்கத்தில இருக்கிறவர் சாப்பிட்டு முடியாம எழும்ப மாட்டம். கப்பல்லயும் அதேதான் பழக்கினாங்க, மேசையில கடைசி ஆள் முடிச்சாப் பிறகுதான் கோப்பை எடுக்கணும். அமெரிக்கக் கெஸ்ட் சிலபேருக்கு வெறுங்கோப்பை முன்னுக்குக் கிடந்தா கோபம் வரும், இங்கிலாந்துக் கெஸ்டுக்கு ஒரு கோப்பையை முந்தி எடுத்தாக் கோபம் வரும், நடுவில நாம.

காத்தான்குடிக் கூட்டாளி ஒருத்தனும் அங்க வந்திருந்தான். அவங்கட வீட்டில சஹன்ல, அதாவது சேர்ந்து சாப்பிடுற ஒரே பெரிய தட்டத்தில, இருக்க முதல் வீட்டுக்காரரே செம்பும் படிக்கமும் கொண்டுவந்து கைக்குத் தண்ணி ஊத்துவாங்க. கப்பல்ல பஃபே வாசல்ல நம்மட பொடியனுகள் நிண்டு "வாஷி வாஷி" எண்டு பாடி சனிடைசர் அடிக்கிறத அவனுக்குச் சொன்னன், விழுந்து விழுந்து சிரிச்சான்.

மே 15

தம்பி கொழும்பில இன்டர்வியூ முடிச்சு ராவு மெயில் கோச்சியில வந்து இறங்கினான். முள்ளுக்கரண்டி கீழ விழுந்தா என்ன செய்வாய் எண்டு கேட்டிருக்காங்க. முதல் புதுசு கொண்டுவந்து வைப்பன், அதையும் வெறுங்கையில இல்ல, சேர்வியட் போட்ட கோப்பையில, பிறகுதான் விழுந்ததை எடுப்பன் எண்டிருக்கான். சரியான பதில். அமெரிக்க சுகாதாரச் செக்கிங் பத்தியும் கேள்வி, நூத்துக்கு எண்பத்தாறு எடுக்காட்டி கப்பல் ஃபெயில் எண்டு சொல்லியிருக்கான்.

எடுத்திட்டாங்க. ஆனா தொடக்கம் பஃபே அட்டென்டன்ட்தானாம், டைனிங் ரூமுக்கு பிறகு பார்ப்பமெண்டாங்களாம். முகம் கொஞ்சம் தொங்கிட்டுது. மெடிக்கலும் சேஃப்டி ட்ரெய்னிங்கும் முடியட்டும், முதல்ல வழுக்காத கறுப்புச் சப்பாத்து நல்லதா ஒண்டு வாங்கு எண்டன். விலையைக் கேட்டுட்டு என்னட்டயே கடன் கேக்கிறான்.