எச்.ஐ.வி.க்கு இல்லை, வயதுக்காக: சிடி4 எண்ணிக்கை எடுத்த அனுபவம்

61 வயதில் எனக்கு அக்கி வந்தது. இடது விலாவைச் சுற்றி அரைக் கச்சை கட்டியதுபோலக் கொப்புளங்கள். மாமியார் இருந்திருந்தால் குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய், காவி குழைத்து அக்கி எழுத வைத்திருப்பார். நான் திருச்சியில் எங்கள் குடும்ப டாக்டரிடம் ஓடினேன். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டுமாம். தொடங்கினேன், ஆறியது.

சிறு வயதில் போட்ட சின்னம்மையின் வைரஸ்தான் இத்தனை வருடமும் நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, இப்போது வெளியே வந்திருக்கிறது. அதை அடக்கி வைத்திருந்தவை டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். வயதாக ஆக அந்தக் காவல் தளர்கிறது. இதைக் கேட்டதும் நான் விடவில்லை. "அந்தக் காவல் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று அளக்க முடியுமா டாக்டர்?" வங்கியில் காலம் தள்ளியவள், இருப்புத் தொகை தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"அளக்கலாம். அளந்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் அம்மா?" என்றார். அந்தக் கேள்வியின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை.

டி செல்களில் முக்கியமாக இரண்டு வகை: மற்ற அணுக்களை ஏவி வழிநடத்தும் சிடி4, தொற்றிய அணுக்களை நேரே அழிக்கும் சிடி8. இரண்டையும் எண்ணும் ரத்தப் பரிசோதனை அது. உடனே எழுதித் தரவும் இல்லை. வைரஸ் தொற்று வந்தால் சிடி8 அணுக்கள் பெருகும், அது வடியட்டும் என்று மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார். இடையில் சளி, காய்ச்சல் வந்தால் இன்னும் தள்ளிப்போட வேண்டும். மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போட்டுக்கொண்டேனா என்று இரண்டு முறை கேட்டார். ஸ்டீராய்டு இந்த எண்ணிக்கையைக் கீழே இறக்கிவிடும். ரத்தம் கொடுக்கும் நேரம்கூட முக்கியம். காலையில் கார்ட்டிசால் ஹார்மோன் ஏறியிருப்பதால் ரத்தத்தில் இந்த அணுக்கள் குறைவாகவும் இரவில் அதிகமாகவும் இருக்குமாம். வேகமாக நடந்துவிட்டுப் போனால் சிறிது நேரத்துக்கு எண்ணிக்கை ஏறி நிற்கும். ஆகவே எப்போது எடுத்தாலும் அதே காலை நேரம், நடைப்பயிற்சிக்கு முன்.

லேப் கவுன்டரில்தான் நிஜமான சோதனை. சீட்டில் 'சிடி4, சிடி8' என்று இருப்பதைப் பார்த்த பெண்ணின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "யாருக்கு அம்மா?" எனக்குத்தான் என்றேன். ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தாள். அவர் கவுன்சலிங் அறைக்கு வாருங்கள் என்றார். காரணம் புரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்த வைரஸ் அழிப்பது சிடி4 அணுக்களைத்தான். அதனால் நம் ஊரில் சிடி4 என்றாலே அந்த நோய்தான். நான் வயதுக்காக எடுக்கிறேன் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர் பையை எடுத்துக்கொண்டு ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் அப்போது ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் அதற்கும் மாத்திரை எழுதியிருப்பார்கள். எனக்கே இப்படி என்றால், உண்மையிலேயே அந்த நோயோடு மாதாமாதம் வருபவர்கள் எதையெல்லாம் தாங்குகிறார்கள்!

ஊதா மூடி போட்ட சிறு குழாயில் ரத்தம் எடுத்தார்கள். இந்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, அறை வெப்பத்திலேயே சென்னைக்குப் போக வேண்டும், அணுக்கள் உயிரோடு இருக்கும்போதே எண்ண வேண்டும். அதனால் சனிக்கிழமை எடுக்க மாட்டோம் என்றார்கள். இது தெரிந்து போவது நல்லது. அங்கே ஒவ்வொரு வகை அணுவின் மேலும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரின் முன் ஓட விடுகிறார்கள். எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்பதை வைத்து இயந்திரம் எண்ணுகிறது. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று பெயர். கட்டணம் சாதாரண ரத்தப் பரிசோதனையைவிடப் பல மடங்கு.

ரிப்போர்ட் வந்தது. சிடி4 ஒரு மைக்ரோலிட்டருக்கு 720, சிடி8 810. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் விகிதம் 0.89. சிடி4 எண்ணிக்கை அச்சிட்டிருந்த இயல்பு வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் பொதுவாக சிடி4 அல்லவா அதிகமாக இருக்க வேண்டும்? எனக்குத் தலைகீழாக இருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் சுனில் அஹுஜா குழுவினர் சுமார் 48,500 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. சிடி4 800க்கு மேலா கீழா, விகிதம் 1க்கு மேலா கீழா என்று பார்த்து எதிர்ப்பாற்றலை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். இரண்டிலும் கீழே இருப்பவர்கள் கடைசியான நான்காம் தரம். அதாவது நான். நல்ல தரத்தைத் தக்கவைப்பதில் பெண்கள் ஆண்களைவிட முன்னே என்றும் அதே ஆய்வு சொன்னது. எனக்கு அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. அதற்கும் முன்பே, ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில் 1989இல் தொடங்கிய ஆய்வில், 85 வயதைத் தாண்டியவர்களில் விகிதம் 1க்குக் கீழே இருந்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறப்பது அதிகமாக இருந்ததாம். இதைப் படித்துவிட்டுத் தூங்கப் போவது நல்ல யோசனை அல்ல.

டாக்டர் பதறவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் புதிய டி செல்களைப் பயிற்றுவித்து அனுப்புகிறது. அது சிறு வயதிலேயே சுருங்கத் தொடங்கி, நடுத்தர வயதில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. புதியவை வருவது குறைய, பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் அணுக்களே இடத்தை நிரப்புகின்றன. அதில் பெரும்பங்கு சைட்டோமெகலோ வைரஸ் என்ற ஒன்றுக்கு எதிராக நிற்பவை. நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடலில் அது சத்தமில்லாமல் இருக்கிறது. ஒருமுறை வந்தால் போகாது. "சிடி8 கூடியதற்கு அது ஒன்றே போதும். அந்த ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. உங்கள் ஒரு குழாய் ரத்தத்தை வைத்து நான் ஆயுள் கணிக்க மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னது சரி என்றே இப்போது நினைக்கிறேன். 'உங்கள் எதிர்ப்பாற்றலின் வயது என்ன?' என்று பெரிய தொகைக்குப் பரிசோதனை விற்கும் விளம்பரங்களைப் பார்த்தால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த மருந்தை மாற்றுவீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. டாக்டர் என் பழைய ரத்த ரிப்போர்ட்டுகளை எடுத்து, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை லிம்போசைட் என்ற இன்னொரு வகையின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டினார். அதுவும் உடலில் அழற்சி எப்படி என்று ஓரளவு சொல்லுமாம். ஏற்கெனவே காசு கொடுத்து எடுத்த ரிப்போர்ட்டில் இருந்த எண்கள். வருடக்கணக்கில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

செய்ய முடிந்தது ஒன்று இருந்தது. அக்கிக்கான புதிய தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதன் பெரிய சோதனைகளில், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 97 சதவீதமும், 70 தாண்டியவர்களுக்குச் சுமார் 90 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. தளர்ந்த காவலையும் எழுப்புவதற்கென்றே அதில் ஒரு துணைப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுப்பது. ஒருமுறை அக்கி வந்தவர்களும் அது ஆறிய பின் போட்டுக்கொள்ளலாம். இரண்டு தவணை, விலை அதிகம், ஓய்வூதியத்தில் கடித்தது. முதல் ஊசிக்கு ஓர் இரவு காய்ச்சலும் கை வலியும்.

இரண்டாவது தவணைக்குப் போனபோது சிடி4 மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் நிமோனியா தடுப்பூசிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.