தலைமடைக்காரர் கேட்ட கேள்வி

2023ல காவிரித் தண்ணிய நம்பிப் போட்ட குறுவை நெல்லு என்னாச்சுன்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாச்சு, மேல கர்நாடகாவுல மழை ஏமாத்திருச்சு, எல்லையில தண்ணி அளக்குற பிலிகுண்டுலுல வர வேண்டியது வரல, காவிரி மேலாண்மை ஆணையம் கர்நாடகாவ 15 நாளைக்கு நொடிக்கு 5,000 கன அடி விடுன்னு சொல்ல அங்க பந்த், இங்க மறியல். செப்டம்பர்ல நாங்க, பாசன டிபார்ட்மென்ட்காரங்க, முறை வச்சு விட்டுக்கிட்டிருந்தோம், மேல மொதல்ல தண்ணி வாங்குற தலைமடை வாய்க்கால மூடினாத்தான் கீழ கடைமடைக்கு ஏதாவது போகும்.

மூடப் போனா ஷட்டர் மேடையில ஒரு பெரியவர், கிரீஸ் வழியிற ராடுலயே முதுகச் சாச்சு உக்காந்திருக்காரு. ஷட்டர ஏத்தி எறக்குற லஸ்கர் கைப்பிடிய கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாக்குறாரு.

"அய்யா எந்திரிங்க, இன்னிக்கு கீழ உள்ளவங்க முறை."

"பயிரு தொண்டைக்கதிர்ல நிக்குது தம்பி. எனக்கே பத்தல, இதுல எத கீழ விடுறது?"

"இதத்தானே அய்யா கர்நாடகாவும் சொல்லுது"ன்னு கொஞ்சம் சூடாவே சொல்லிட்டேன்.

அவரு அசரல. "அப்ப அவன் சொல்றதுல ஞாயம் இருக்குங்குறியா?"

நான் ஒண்ணும் சொல்லல, லஸ்கரப் பாத்து தலையாட்டினேன், பெரியவரே எந்திரிச்சுப் போயிட்டாரு.

அன்னிக்கு சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்பல்லாம் வரிசையா வருது. நம்ம கேக்குறது பிச்சை இல்ல, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி வருஷத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி), அதுவும் மாசக் கணக்கு, ஆகஸ்ட்டுக்கு மட்டும் 45.95. வெள்ளத்துல அவங்களால தேக்க முடியாதத தள்ளிவிட்டுட்டு வருஷக் கணக்கு சரியாப்போச்சுன்னா எப்படி, பயிருக்கு தேதி இருக்குல்ல? 2024 ஜூலை கடைசியில மேட்டூர் 120 அடி ரொம்பி, உபரியெல்லாம் கொள்ளிடம் வழியா கடலுக்குப் போச்சு, முந்தின வருஷம் கருகின பயிருக்கு அதால என்ன புண்ணியம்.

ஆனா இதச் சொல்லியிருந்தாலும் அவரு விட்டிருக்க மாட்டாரு. எனக்கும் தேதி இருக்கு தம்பின்னுருப்பாரு. கர்நாடகாவுல மண்டியாப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்டவங்களுக்கும் இருக்குமே. பற்றாக்குறை வந்தா விகிதாச்சாரப்படி ரெண்டு பேரும் கொறச்சுக்கணும்னு 2007 நடுவர் மன்றத் தீர்ப்புலயே இருக்கு, எப்படிக் கொறைக்கிறதுங்கிறதுலதான் ஒவ்வொரு தடவையும் சண்டை, அந்த நேரம் பாத்து எலக்சன் வந்துட்டா கேக்கவே வேணாம், விடுறேன்னு சொல்ற தைரியம் அங்க எந்தக் கட்சிக்கும் இருக்காது, போதும்னு சொல்ற தைரியம் இங்கயும்தான்.

ஒரு வித்தியாசம் இருக்குன்னு என்னையே சமாதானப்படுத்திக்குவேன். அங்க சாவி மேல இருக்குறவன் கையிலயே இருக்கு. கேஆர்எஸ், கபினி அணையெல்லாம் அவங்க ஆளுங்கதான் ஆபரேட் பண்றாங்க, ஆணையம் ஆர்டர்தான் போட முடியும். இங்க தலைமடைக்காரர் கையிலயும் இல்ல, கடைமடைக்காரர் கையிலயும் இல்ல, டிபார்ட்மென்ட் கையில. அதனால நான் மூடினது சரிதான்.

சரிதான், ஆனா மறுநாள் காலையில பாத்தா ஷட்டர் ஒரு சாண் தூக்கியிருக்கு. எறக்கச் சொன்னேன், ரிப்போர்ட்ல எழுதல. எழுதினா போலீஸ் கேஸுன்னு போகும், யாரு தூக்கினான்னு நான் பாக்கவும் இல்லியே. இதையே மேல உள்ளவங்க செஞ்சிருந்தா நாம சும்மா இருப்போமான்னு கேட்டா... தெரியல, அளவு வேற, அரசியல் வேற.

மூடி விட்ட தண்ணியும் முழுசாப் போய்ச் சேரல, காஞ்சு கெடந்த ஆத்து மணலே பாதியக் குடிச்சிருச்சு. கடைமடையிலேர்ந்து போன் பண்ணி, மேல யாரு சார் மடக்குறாங்கன்னுதான் கேட்டாங்க. அக்டோபர் 10ல மேட்டூரையே மூடிட்டாங்க, அதுக்கப்புறம் முறை வைக்கவும் ஒண்ணும் இல்ல.