உப்புத் தூவின மாதிரி

காலையில கடல்மீன் தொட்டி லைட் போட்டதும் கண்ணுல பட்டுச்சு. நீல டாங் மீனோட துடுப்புல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. பாறையில உடம்பைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கு.

ரெண்டு வாரம் முன்னாடியும் இப்படித்தான். தானா மறைஞ்சதும் சரியாப்போச்சுன்னு இருந்துட்டேன். மடத்தனம்!

அந்தப் புள்ளியை உண்டாக்குற ஒட்டுண்ணி சாகல. மீனை விட்டு இறங்கி, மணல்ல கூடு கட்டி, நூத்துக்கணக்குல பெருகி, திரும்ப மீனைத் தேடி வருது. தாமிர மருந்துக்கு அது சிக்குறது அப்படி நீந்தி வர்ற நேரத்துல மட்டும்தான்.

பெரிய தொட்டியில அந்த மருந்தை ஊத்தவும் முடியாது, பவளமும் இறாலும் போயிடும்.

மீனெல்லாம் தனித் தொட்டிக்குப் போயாச்சு. ஒட்டுண்ணி மீன் கிடைக்காம சாகணும்னா பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாம கிடக்கணும். புது மீனைத் தனியா வச்சுப் பார்க்காம நேரா உள்ள விட்ட அவசரத்துக்குக் கூலி.

இறால் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி பாறையைச் சுரண்டிக்கிட்டிருக்கு.