நாலாவது கம்பி

லண்டனில் டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் டென்மார்க் ஸ்ட்ரீட் இரண்டு நிமிட நடை. சின்னத் தெரு. இந்த முனையில் நின்று தும்மினால் அந்த முனையில் கேட்கும். 2015 அக்டோபரிலிருந்து ஒரு வருடம், அங்கே ஒரு கிட்டார் கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். மாணவர் விசாவில் வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதில் எட்டு மணி நேரத்தைச் சனிக்கிழமையே தின்றுவிடும்.

என் தகுதி, பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவுக்கு ஆறு வருடம் கிட்டார் வாசித்தது. ஜி, சி, டி, எப்போதாவது ஒரு ஈ மைனர். மேனேஜர் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு பழைய கிட்டாரைக் கொடுத்து ஆறு கம்பியையும் மாற்றச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளை ஒழுங்காக வெட்டியிருக்கிறேனா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வா என்றார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் நாலு பாட்டின் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். கடை ஆட்கள் யாராவது அந்தப் பாட்டை வாசித்துவிட்டால் ஐம்பது பென்ஸ் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தக் காசில்தான் டீக்குப் பிஸ்கட். பட்டியலில் முதல் பெயர் லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்'. வாடிக்கையாளர்களுக்கு அபராதம் போட முடியாது, பல்லைக் கடித்துக்கொள்ளலாம். கிட்டார் கடைகளில் இது ஊரறிந்த கேலி. 1992-இல் வந்த 'வெய்ன்ஸ் வேர்ல்ட்' படத்தில் கதாநாயகன் கடையில் கிட்டாரை எடுத்து இதை ஆரம்பிப்பான், உடனே இங்கே ஸ்டேர்வே கூடாது என்ற போர்டைக் காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் வீடியோவாக வந்தபோது உரிமைப் பிரச்சினையால் அந்த நாலு ஸ்வரத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. பாட்டு இல்லை, போர்டு மட்டும் மிச்சம்.

அந்தப் பாட்டை நான் அதுவரை கேட்டதில்லை. கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். ஊரில் வாலிபர் கூட்டத்தில் ஒரு அண்ணன், ராக் பாட்டுகளைப் பின்னோக்கி ஓட்டினால் சாத்தான் பேசுவான் என்று சொல்லி அதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார். அவரும் கேட்டிருக்க மாட்டார். (1982-இல் கலிபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்றிலேயே இதைத் தலைகீழாக ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் டேர்ன்டேபிள்கள் முன்னோக்கி மட்டும்தான் சுற்றும் என்று இசைத்தட்டுக் கம்பெனி பதில் சொன்னதாம்.) ஆகவே நான் அந்தப் பாட்டை முதன்முதலில் அறிந்துகொண்டது கடைக்கு வருகிறவர்களின் விரல்கள் மூலமாக. ஒரு சனிக்கிழமை பில் புத்தகத்தின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன். பதினாலு பேர். பதினாலு பேரும் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஏ மைனரைப் பிடித்து ஆரம்பித்து, இரண்டு வரி போய், எங்கேயோ விரல் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து வந்தார்கள்.

அந்த முதல் வரி பார்க்கச் சுலபம். நாலாவது கம்பியில் விரல் ஏழாவது ஃப்ரெட்டிலிருந்து ஆறு, ஐந்து, நாலு, மூன்று என்று ஒவ்வொரு படியாக இறங்கும். அதே நேரத்தில் மேல் ஸ்தாயியில் முதல் கம்பி ஐந்து, ஏழு, எட்டு என்று ஏறும். கீழே இறங்க, மேலே ஏற, நடுவில் சுண்டுவிரல் படும் பாடு தனி. என் அறைத் தோழன் சின்ன வயதில் பாட்டு கிளாஸ் போனவன். வாசித்துக் காட்டினேன். ஸட்ஜத்தில் நின்று இரண்டு நிஷாதம், இரண்டு தைவதம் என ஒன்றுகூட விடாமல் வரிசையாக இறங்குகிறதே, இதை எந்த ராகத்தில்டா சேர்ப்பது என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம், “ஆனா நல்லாத்தான்டா இருக்கு” என்றான். கடையில் ஒரு வருடம் கேட்ட அபிப்பிராயங்களில் முன்தீர்மானம் எதுவும் இல்லாதது அது ஒன்றுதான்.

மேனேஜருக்கு அந்தப் பாட்டு ஆகாது. வாலிபத்தில் பங்க் குழுவில் டிரம்ஸ் அடித்தவர். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு எதுவுமே அவருக்குச் சந்தேகத்துக்குரியது. இதுவோ 8 நிமிடம் 2 விநாடி. பாட்டில் வரும் வேலிப்புதரில் என்ன சலசலப்பு, அந்தப் பெண் யார், எதற்காகப் படிக்கட்டு வாங்குகிறாள் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள் என்பார். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் பெரும்பாலான வரிகளை ஒரே மூச்சில் எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரே மூச்சில் எழுதியது நன்றாகத் தெரிகிறது என்பது மேனேஜரின் பதில். வார்த்தைகளைப் பற்றி மட்டும் நான் அவர் கட்சி. அர்த்தம் இருப்பது போன்ற பாவனை அவற்றில் கொஞ்சம் கூடுதல்.

கீழ்த்தளத்தில் ரிப்பேர் பெஞ்ச். அங்கே இருந்தவர் 1975 மே மாதம் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில் லெட் செப்பெலின் ஐந்து இரவுகள் வாசித்தபோது ஓர் இரவு போய்ப் பார்த்தவர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. நாற்பது வருடம் கழித்தும் அவரிடம் நுழைவுச் சீட்டின் கிழித்த பாதி இருந்தது. அவர் கட்சி என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவருக்கும் ஒரு புகார் உண்டு. மேடையில் குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் இரட்டைக் கழுத்து கிப்ஸன் கிட்டாரை மாட்டிக்கொண்டு இதை வாசித்த படம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அதனால் பாட்டில் வரும் கிட்டார் சோலோவின், அதாவது தனி வாசிப்பின், சத்தம் வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாம் அதையோ, கிப்ஸனின் லெஸ் பால் கிட்டாரையோ கேட்பார்கள். பெஞ்ச்காரர் மாடிப்படியில் பாதி ஏறி வந்து தலையை மட்டும் நீட்டி, “ரெக்கார்டில் அது டெலிகாஸ்டர்!” என்று கத்திவிட்டுத் திரும்பப் போவார். உண்மைதான். இன்னொரு கிட்டார்காரர் ஜெஃப் பெக் கொடுத்த 1959 ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரில்தான் பேஜ் அந்த சோலோவை ஸ்டுடியோவில் வாசித்தார். இந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் கடைக்கு எத்தனை விலையுயர்ந்த விற்பனை போயிற்று என்று மேனேஜர் அடிக்கடி கணக்குப் பார்ப்பார்.

கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கு இந்தப் பாட்டு என்றால் 2012 டிசம்பரில் லெட் செப்பெலினைக் கௌரவித்த கென்னடி சென்டர் விழாவில் ஹார்ட் குழுவின் வில்சன் சகோதரிகள் பாடியதுதான். டிரம்ஸ் வாசித்தது லெட் செப்பெலினின் மறைந்த டிரம்மர் ஜான் பான்ஹமின் மகன் ஜேசன், பின்னால் பெரிய பாடகர் குழு, மாடத்தில் உட்கார்ந்து கேட்கும் பிளான்ட்டின் கண்ணில் நீர். வீடியோவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகு ஒரிஜினலைக் கேட்டால் சப்பென்று இருக்கிறது என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். பெஞ்ச்காரர் அன்று முழுவதும் மேலே வரவில்லை.

இந்த அழகில் 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் வழக்கு. ஸ்பிரிட் என்ற குழுவின் 'டாரஸ்' என்ற 1968-ஆம் வருடத்து இசைத்துண்டிலிருந்து அந்த முதல் வரி திருடப்பட்டது என்று புகார். அதை எழுதிய ராண்டி கலிபோர்னியா 1997-லேயே இறந்துவிட்டார், அவர் பெயரிலான அறக்கட்டளைதான் வழக்குப் போட்டது. இதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, 'டாரஸ்' இசைத்தட்டை ஜூரிகளுக்குப் போட்டுக் காட்டவில்லை. பழைய சட்டப்படி, பதிப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்த ஸ்வரத்தாளில் இருப்பதைத்தான் ஒப்பிட வேண்டுமாம். அதைப் பார்த்து நிபுணர்கள் வாசித்ததைத்தான் கேட்டார்கள். திருட்டு இல்லை என்று ஜூன் 23 அன்று தீர்ப்பு. அன்றுதான் இங்கே பிரெக்ஸிட் வாக்கெடுப்பு. மறுநாள் காலை லண்டனே பேயறைந்த மாதிரி இருந்தது. எங்கள் கடையில் மட்டும் இரண்டு பெரியவர்கள் நாலாவது கம்பியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி இறங்கும் வரிசை நூற்றாண்டுகளாக எல்லோரும் எடுத்தாண்ட பொதுச் சொத்து என்றார் பெஞ்ச்காரர். அப்படியானால் அதில் என்ன பெருமை என்றார் மேனேஜர். வழக்கு மேல்முறையீடுகளைத் தாண்டி 2020 அக்டோபரில்தான் முடிந்தது. அப்போது நான் சென்னைக்கு வந்து நாலு வருடம் ஆகிவிட்டது.

நான் சொல்ல வந்தது அந்தத் தீர்ப்புக்கு முன்பு, 2016 ஏப்ரலில் நடந்தது. ஒரு செவ்வாய் மதியம் கடை காலி. சாலைப் பணியாளர்கள் போடும் மஞ்சள் மேல்சட்டையோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பூட்ஸில் மண் இருந்ததால் வாசலிலேயே நின்று மிதியடியில் இரண்டு முறை தேய்த்தார். மலிவான அகூஸ்டிக் ஒன்றை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ட்யூன் செய்தார். அப்புறம் ஏ மைனர், ஐந்தாவது ஃப்ரெட். நான் அப்போது கடையின் பழைய ஆளாகிவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன். மேனேஜர் சொல்லும் அதே தொனியில், “இங்கே ஸ்டேர்வே கிடையாது, சார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். உடனே நிறுத்திவிட்டார். கிட்டாரைக் கொக்கியில் மாட்டி, அது ஆடாமல் கையால் பிடித்து நிறுத்தி, கம்பி மீட்டும் சில்லான பிக் இரண்டு வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பெஞ்ச்காரர் மேலே வந்தார். “யார் வாசித்தது? ஏன் நின்றுவிட்டது?”

சொன்னேன்.

“அவன் எங்கே இருந்தான் தெரியுமா? இரண்டாவது சுற்று முடிந்து, புல்லாங்குழல் மாதிரி ரெக்கார்டர்கள் பாடிக்கொண்டிருக்கும் இடத்தை எல்லாம் தாண்டி, குரல் தொடங்கும் இடத்துக்குப் போய்விட்டான். இந்தக் கடையில் அங்கே வரைக்கும் யார் போயிருக்கிறார்கள்?”

எனக்கு அவர் சொன்ன இடம் எதுவுமே தெரியவில்லை. ரெக்கார்டர் என்று ஒன்று அந்தப் பாட்டில் வருவதே தெரியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். “நீ இதை முழுதாகக் கேட்டதே இல்லையா?”

கடை மூடியதும் கீழே கூட்டிப்போனார். பெஞ்சு முழுக்க மரத்தூள். ஓரத்தில் ஒரு டேர்ன்டேபிள். 1971 நவம்பரில் வந்த அந்த நாலாவது ஆல்பத்தின் உறையில் குழுவின் பெயரே இல்லை, விறகுக் கட்டு சுமக்கும் ஒரு கிழவரின் படம்தான். ஊசியை முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் வைத்தார். நான் நூறு தடவை கேட்ட வரி வந்தது. ஆனால் தடுக்காமல் வந்தது. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. அப்புறம் ரெக்கார்டர்கள், அப்புறம் குரல், அப்புறம் பன்னிரண்டு கம்பி கிட்டார். டிரம்ஸ் எங்கே என்று கேட்டேன். உஷ் என்றார். நாலு நிமிடம் தாண்டித்தான் பான்ஹம் உள்ளே வருகிறார். அதுவரை ஒருவர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கிறார் என்று நினைத்தபோது அந்த முதல் அடி விழுந்தது. எனக்கு சோலோவைவிட, பிளான்ட் கத்துவதைவிட, இன்றுவரை அந்த இடம்தான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கடையில் இத்தனை மாதம் சண்டை போட்டவர்கள் ஒரே பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. மேனேஜர் வெறுத்தது முதல் அரை நிமிடத்தை, அதையும் கற்றுக்குட்டிகளின் விரலில். கல்லாப் பெண் விரும்பியது கடைசி இரண்டு நிமிடம். பெஞ்ச்காரருக்கு டெலிகாஸ்டர் வரும் ஆறாவது நிமிடத்துக்கு முன்னால் உள்ளதெல்லாம் வாசல் கோலம். 1971 மார்ச் 5 அன்று பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹாலில் இதை முதன்முதலாக மேடையில் வாசித்தபோது, தெரிந்த பாட்டு எப்போது வரும் என்று கூட்டம் சலித்துப்போய் உட்கார்ந்திருந்ததாகக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஜான் பால் ஜோன்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாடியவருக்கே சலித்துப்போன பாட்டு இது. இனி இதை ஒலிபரப்ப மாட்டோம் என்று நன்கொடை கேட்ட போர்ட்லாண்ட் வானொலி நிலையத்துக்குப் பிளான்ட்டே பணம் கொடுத்திருக்கிறார். ஆனாலும் 2007-க்குப் பிறகு பாடாமலே இருந்தவர், 2023-இல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் மறுபடி பாடினார். அந்த வீடியோவைக் கல்லாப் பெண்தான் எனக்கு அனுப்பினாள், கூடவே ஒரு வரி: மேனேஜரிடம் சொல்லாதே.

மஞ்சள் சட்டைக்காரர் மறுபடி வரவில்லை. பக்கத்தில் ரயில் சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தது, அங்கே வேலை செய்கிறவராக இருக்கும் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன். எல்லோரும் மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தார்கள்.

செப்டம்பரில் என் கடைசி நாள். டப்பாவில் ஐந்து பவுண்டு நோட்டு ஒன்றைப் போட்டேன். மேனேஜர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் வாசித்த அதே மலிவு கிட்டாரை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஏழு, ஆறு, ஐந்து, நாலு, மூன்று. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, கல்லாப் பெண் ரெக்கார்டர் பகுதியை விசிலடித்தாள். நான் கற்றிருந்தது மூன்று நிமிடம் வரைக்கும்தான். அதற்கு மேல் விரல் போகவில்லை, நிறுத்தினேன்.

மாடிப்படியில் பெஞ்ச்காரரின் தலை தெரிந்தது.

“நாலாவது கம்பி ஆறாவது ஃப்ரெட்டில் உரசுகிறது. போவதற்கு முன்னால் அதைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போ.”