வயிற்று வலி

பெரும்பாக்கத்தில் வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு எடுக்கிறேன். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடிசைகளை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, காலி செய்து இங்கே கொண்டுவந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் வகுப்பில் பெரும்பாலும். சிலருக்குக் கல்வியாண்டின் நடுவில் பள்ளிக்கூடம், கூட்டாளிகள், பாட்டி வீடு எல்லாம் ஒரே நாளில் போயிருக்கிறது.

அதில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வகுப்பு முடிகிற நேரம் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஓம வாட்டர், பூச்சி மாத்திரை எல்லாம் கொடுத்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. "நடிக்குது டீச்சர், விடுங்க" என்றார் அவள் அம்மா. நானும் இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்தேன், இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற நேரம் அது என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பயம் வயிற்று வலியாகவும் தலைவலியாகவும் வரும், அந்த வலி நிஜமான வலி. பையன்களுக்கு அது கோபமாக வந்தால் ரவுடி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. என் வகுப்பில் முப்பது பேர். கணக்குப்படி இரண்டு பேர் இருக்க வேண்டும், என் கண்ணுக்கு அதைவிட அதிகம் தெரிகிறார்கள்.

சரி, டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "கீழ்ப்பாக்கத்துக்கா?" என்று கேட்ட அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. 1794 முதல் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவமனை, அது இருக்கும் ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே, அவரை எப்படிக் குறை சொல்வது? அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடிகிற வைத்தியம் இல்லை. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அவள் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் சட்டைப்பையில்.

கடைசியில் உளவியல் படித்த தோழி ஒருத்தியைச் சனிக்கிழமைகளில் வகுப்புக்கே வரச் சொன்னேன். டியூஷன்தானே என்று அம்மாவும் தடுக்கவில்லை. மூன்று வாரம் படம் மட்டும் வரைந்தாள், நான்காவது வாரம் பேசினாள். இதற்காகத்தான் சொல்கிறேன், பிள்ளைகள் ஏற்கெனவே வந்து உட்காரும் இடத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கோ இந்த மாதிரி வகுப்புக்கோ, ஆலோசகர் வர வேண்டும், அதுவும் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகாமல், வாரா வாரம் அதே முகமாக.

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது வாய்விட்டுச் சொல்கிறாள். "அக்கா, இன்னைக்கு அப்பாவுக்குச் சம்பளம், கொஞ்ச நேரம் கழிச்சுப் போறேன்." சனிக்கிழமைகளில் வகுப்பை ஒன்பது மணி வரை திறந்து வைக்கிறோம்.